வண்டி நிக்கட்டும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் மளிகைச் சீட்டு எழுதத்தான். ஞாபகமும் முன்னே பின்னே வருகிறது. முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்லப்போகிற விஷயமும் பெண்பிள்ளை எழுதுகிற விஷயம் இல்லை. ஆண்களுக்கு வயதானால் வருகிற நீர்க்கோளாறு பற்றியது. இதை எழுதுவதற்குள்ளேயே எனக்கு முகம் சூடாகிறது. ஆனால் அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது.

அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த ஸ்டோரில் எங்களுக்கு அடுத்த வீடு. ஸ்டோர் என்றால் கடை இல்லை. ஒரே வாசலுக்குள் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு குழாய், கோடியில் எல்லோருக்கும் பொதுவாகக் கக்கூஸ். யார் எத்தனை தடவை வாளியைத் தூக்கிக்கொண்டு கோடிக்குப் போகிறார்கள் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். அவரைச் சின்னவர் பெரியவர் எல்லோரும் கண்டக்டர் அண்ணன் என்றே கூப்பிட்டோம். பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது.

அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை அப்படி ஆகிவிட்டது. ஒரு காதும் மந்தம். உள்ளே உட்கார்ந்துகொண்டு பெண்டாட்டியிடம் காபி கேட்டால், கடைசி வீட்டு அம்மாள் "எனக்கும் ஒரு வாய் குடுங்க" என்பாள். காய்காரர் கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே இவர் உள்ளேயிருந்து கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்பார். அக்காவுக்கு, அதாவது அவர் சம்சாரத்துக்கு, மானம் போகும்.

"இவரு பஸ்ஸை டிப்போவுல விட்டுட்டு வந்துட்டாரு. வாயை விட்டுட்டு வரலை" என்பார் அக்கா.

"வாயை விட்டுட்டு வந்தா உன்கிட்ட யாரு பதில் சொல்றது?" என்பார் அவர். அதுவும் தெருவரைக்கும் கேட்கும்.

எங்கள் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தார். அவர் பேசுகிற சத்தத்தைவிடச் சேலையை விரிக்கிற சத்தம் பெரிதாக இருக்கும் என்று கடையில் கேலி செய்வார்களாம். எனக்கும் வாய் கிடையாது. எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு அடுத்த வீட்டில் அப்படிப்பட்ட மனிதர்.

கண்டக்டர் அண்ணனுக்கு நீர்க்கோளாறு வந்த கதையை அவரே எங்களுக்குச் சொன்னார். எங்களுக்கு என்றால் முழு ஸ்டோருக்கும். ஒரு மார்கழியில் அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. மருந்துக்கடைக்குப் போய்த் தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் ஒரு மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அதற்கு முன்னாலேயே ஒன்றுக்குப் போவது அவருக்குச் சிரமமாக இருந்திருக்கிறது. அதைக் கடைக்காரரிடம் சொல்லத் தோன்றவில்லை. மாத்திரை போட்ட அன்றைக்கே சுத்தமாக அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல்லாக, அந்தக் குரலே அடங்கிப்போய், முனகிக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். அவர் சத்தமில்லாமல் வாசலைத் தாண்டிப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது நீர் இறங்கக் குழாய் போட்டு, காலில் ஒரு பை கட்டியிருந்தார்கள். வேறு ஒருவராக இருந்தால் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போயிருப்பார். இவர் முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டார்.

"ஆம்பளைங்க எல்லாரும் ஒரு நிமிஷம் வெளிய வாங்க! இதுக்குப் பேரு ப்ராஸ்டேட்டு. எல்லா ஆம்பளைக்கும் உள்ள இருக்கிறதுதான். வயசானா அது வீங்கிப் பாதையை நெருக்குது. அந்த நேரத்துல ஜலதோஷ மாத்திரையை நானா வாங்கிப் போட்டேன், கேட்டை இழுத்து மூடிடுச்சு. யாரும் என்னை மாதிரி பண்ணாதீங்க!"

அக்கா பின்னாலிருந்து, "உள்ள வந்து தொலைங்களேன், பொம்பளைங்க இருக்காங்க" என்றார்.

"பொம்பளைங்கதானே ஆம்பளைங்களுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கிறது? அவங்களும் கேக்கட்டும்!"

நான் குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

குழாயை எடுத்த பிறகு அவருக்குத் தினமும் மாத்திரை. அதை அவர் சாப்பிட்ட முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் கழித்து, "மாத்திரை போட்டாச்சு!" என்று ஒரு சத்தம் வரும். சுவர் மெல்லிசு, எங்கள் வீட்டில் தட்டு அதிரும். அந்த மாத்திரை போட்டால் படுத்த இடத்திலிருந்து திடீரென்று எழுந்தால் தலை சுற்றுமாம். ஆரம்பத்தில் ஒரு நாள் காலையில் சடாரென்று எழுந்து, பீரோவில் மோதி, நெற்றியில் புடைத்துக்கொண்டு வந்து நின்றார். டாக்டர் அவரைக் கோபித்துக்கொண்டு, முதலில் எழுந்து உட்கார வேண்டும், காலைத் தொங்கப்போட வேண்டும், தலை தெளிந்த பிறகுதான் நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதிலிருந்து தினமும் விடிந்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வரும்.

"வண்டி நிக்கட்டும்! நின்னப்புறம் எறங்கு!"

தனக்குத் தானேதான் சொல்லிக்கொள்வார். வருஷக்கணக்காக ஃபுட்போர்டில் நிற்கிறவர்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. எதற்கெடுத்தாலும் பஸ்ஸைத்தான் இழுப்பார். மாத்திரை போட்டும் சீக்கிரம் குணம் தெரியவில்லையே என்று அக்கா கவலைப்பட்டபோது, "இது எக்ஸ்பிரஸ் இல்லடி, டவுன் பஸ்ஸு. நின்னு நின்னுதான் போகும்" என்றார். ஒரு நாள் மாத்திரை போட மறந்துபோய், மறுநாள் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமே என்று அக்கா சொன்னதற்கு, "நேத்து பஸ்ஸை விட்டுட்டேன்னு இன்னிக்கு ரெண்டு டிக்கெட் எடுப்பாங்களாடி?" என்று கேட்டார்.

அவருடைய பழைய தோல்பை ஆணியில் தொங்கும். சில்லறையும் டிக்கெட்டும் வைத்திருந்த பை. மாத்திரை எல்லாம் அதற்குள்தான். கொஞ்ச நாள் கழித்து டாக்டர் இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். வீக்கத்தையே சுருக்குகிற மாத்திரை, மாசக்கணக்கில் சாப்பிட்டால்தான் வேலை செய்யும் என்றாராம். அந்தச் சமயத்தில்தான் அவருடைய பெண் தலைப்பிரசவத்துக்கு உறையூரிலிருந்து வந்திருந்தாள். அந்த மாத்திரை உடைந்தாலோ கசிந்தாலோ மாசமாக இருக்கிற பெண்கள் கையால் தொடக்கூடாது, வயிற்றிலிருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்டக்டர் அண்ணன் பையை ஆணியிலிருந்து எடுத்துப் பரண் மேலே ஏற்றிவிட்டார். பெண் வீட்டைப் பெருக்கப் போனால்கூட, "தள்ளிப் போ! தள்ளிப் போ! உள்ள எடமில்லை!" என்று கத்துவார்.

"அப்பா, அது மாத்திரைப்பா, பாம்பு இல்லை" என்று அவள் சிரிப்பாள்.

"பாம்பா இருந்தா கண்ணுக்குத் தெரியும்மா. இது தெரியாது."

பேரன் பிறந்து, தொட்டில் போட்டு, பெண் உறையூருக்குத் திரும்பிப் போன பிறகுதான் பை பரணிலிருந்து இறங்கியது.

வைகுண்ட ஏகாதசி வந்தால் ஸ்ரீரங்கத்தில் யார் வீட்டில் அடுப்பு எரிகிறது? அவரும் விரதம் இருப்பார். முதல் வருஷம் அவருக்கு ஒரு சந்தேகம். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும். அன்றைக்குச் சாப்பாடே இல்லையே? வெறும் வயிற்றில் போடலாமா, அல்லது விட்டுவிடலாமா? மற்றவர்களாக இருந்தால் ஏதோ ஒன்றைத் தானாகவே முடிவு செய்திருப்பார்கள். இவர் இதற்காகவே பஸ் ஏறிப் போய் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வந்தார். வந்ததும் முற்றத்தில் அறிவிப்பு.

"வெறும் வயித்துல போட்டா மயக்கம் வரும், கூட்டத்துல விழுந்துடுவீங்கன்னுட்டாரு. ராத்திரி பலகாரம் சாப்பிடறோம்ல, அதுக்கப்புறம் போடச் சொல்லிட்டாரு. பெருமாள் கோவிச்சுக்கமாட்டாராம்!"

"அவரு சொன்னாரா, நீங்களே சொல்றீங்களா?" என்றார் அக்கா. "சொர்க்கவாசல்ல நின்னும் இப்படியே கத்தித் தொலைக்காதீங்க. பெருமாளுக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

ஒரு தடவை நான் தைலம் வாங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். கடை நிறையப் பெண்கள். அவர் தும்மிக்கொண்டே வந்து, எல்லோருக்கும் மேலாக, "தம்பி, எனக்கு ப்ராஸ்டேட்டு வீக்கம், அதுக்கு மாத்திரை சாப்பிடறேன். பிரஷரும் இருக்கு. அதுக்கு ஒத்துக்கிற மாதிரி ஜலதோஷத்துக்கு ஏதாவது இருந்தாக் குடுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, டாக்டர்கிட்ட போறேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு, "வா தங்கச்சி! தைலமா? முழங்காலா?" என்றார். எனக்குத் தைலமே வேண்டாம் என்று ஆகிவிட்டது. இந்த மனிதருக்கு வெட்கமே கிடையாதா என்று அன்றைக்கு நினைத்தேன்.

இப்போது எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்காரருக்கும் அதே தொந்தரவு இருந்தது. எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவே இல்லை. அடிக்கடி கோடிக்குப் போவதைப் பார்த்துவிட்டு உடம்புச் சூடு என்று நினைத்தேன். பார்லிக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். நீர்மோர் கொடுத்தேன். கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினேன். அவரும் காலை நீட்டிக் காட்டுவார், கஞ்சியைக் குடிப்பார், ஒரு வார்த்தை சொல்லமாட்டார். குடித்துவிட்டு இன்னும் நாலு தடவை வாளியைத் தூக்குவார். அப்புறம் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார். கடையிலிருந்து வரும்போது பஸ் காவேரிப் பாலத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். கல்யாணத்துக்குப் போவதை நிறுத்தினார். பந்தியில் நடுவில் எழுந்திருக்க முடியாதே. யார் மேலேயோ அவருக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். எங்கள் வீட்டுக்காரர் கண்டக்டர் அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய், நிலைப்படி ஓரமாக நின்று, ஏதோ முணுமுணுத்தார்.

"என்னது?" என்றார் கண்டக்டர் அண்ணன்.

இவர் இன்னும் கிட்டே போய் முணுமுணுத்தார். காது மந்தமான மனிதரிடம் ரகசியம் சொல்லப் போனார், பாருங்கள்.

"மாத்திரையா? என் மாத்திரையா? ஏன், உங்களுக்கும் ஒண்ணுக்கு சரியா போகலையா?"

குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்தது. யாரும் நகர்த்தவில்லை. எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார். கண்டக்டர் அண்ணன் பின்னாலேயே எங்கள் வாசல்வரை வந்தார்.

"நில்லுங்க! தர மாட்டேன்! ஒருத்தர் டிக்கெட்டுல இன்னொருத்தர் போக முடியாது! உங்களுக்கு வீக்கம்தானா, வேற ஏதாவதான்னு யாருக்குத் தெரியும்? டாக்டர் தொட்டுப் பார்க்கணும், ரத்தம் எடுக்கணும், ஸ்கேன் எடுக்கணும். தங்கச்சி! நீ கூட்டிட்டுப் போறியா, நான் கூட்டிட்டுப் போகட்டுமா?"

இவர் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு முழுதும் சாப்பிடவில்லை. "ஊருக்கே தெரிஞ்சு போச்சு" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். எனக்கும் கண்டக்டர் அண்ணன் மேலே ஆத்திரம். கூடவே, இத்தனை நாள் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேனே என்று ஒரு அழுகை. ஊருக்கே தெரிந்தபிறகு மறைக்க ஒன்றும் இல்லை. மறுநாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, வீக்கம்தான், வேறு ஒன்றும் இல்லை என்று சொன்னார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நான் தயங்கித் தயங்கி, பக்கத்து வீட்டுக்காரருடைய மாத்திரையை இவர் கேட்டுப் போட்டுக்கொள்ள இருந்தார் என்று சொன்னேன். "இவருக்கு ஏற்கெனவே பிரஷர் மாத்திரை ஓடுது. அதோட சேர்த்து அதைத் தானா போட்டிருந்தா எங்கேயாவது மயங்கி விழுந்திருப்பாரும்மா. குடுக்காதவரு நல்லவரு" என்றார் டாக்டர். பிரஷரைப் பார்த்து, இவருக்கு ஏற்றபடி எழுதிக் கொடுத்தார்.

குடுக்காதவர் நல்லவர் என்பதை இவர் ஒத்துக்கொள்ளவில்லை. கண்டக்டர் அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டார். எதிரே வந்தால் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு போவார். கண்டக்டர் அண்ணன் முதலில் "என்னங்க, வேலைக்கா?" என்று கேட்டுப் பார்த்தார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்.

ஆனால் கத்துவதை விடவில்லை. இதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். முன்பெல்லாம் முற்றத்தின் நடுவில் நின்று கத்துவார். சண்டைக்குப் பிறகு எங்கள் ஜன்னலுக்குக் கிட்டே, துணி காயப்போடுகிற கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, எதிர் வீட்டைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். எதிர் வீட்டில் இருந்ததோ விதவை அம்மாள் ஒருத்தி. அவளுக்கு எதற்கு ப்ராஸ்டேட் விஷயம்?

"மாத்திரையை முழுசா முழுங்கணும்! கடிக்கக் கூடாது, பிரிச்சுச் சோத்துல கொட்டக் கூடாது!"

"நல்லாத்தான் இருக்குன்னு நடுவுல நிறுத்தக் கூடாது! நாலு நாள் விட்டுட்டா, திரும்ப ஆரம்பிக்க டாக்டரைக் கேக்கணும்!"

எதிர் வீட்டு அம்மாள் முறத்தை வைத்துவிட்டு, "யாருக்குய்யா சொல்றீரு, எனக்கா?" என்பாள்.

"பொதுவா சொல்றேன்!"

விடியற்காலையில் "வண்டி நிக்கட்டும்" என்ற குரலும் சுவரோடு ஒட்டி வந்தது. கட்டிலையே எங்கள் பக்கம் நகர்த்திவிட்டாரோ என்னவோ. எங்கள் வீட்டுக்காரர் படுக்கையிலிருந்து பாதி எழுந்திருப்பார். குரல் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிடுவார். காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுவார். கேட்காத மாதிரி கேட்டுக்கொள்வார். நானும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்வேன்.

ஒரு நாள் கண்டக்டர் அண்ணனுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் ஆயிற்று. பச்சைத் துணி கட்டிய கண்ணோடு வந்து ஜன்னல் பக்கம் நின்றார்.

"கண்ணு ஆபரேஷனுக்குப் போறவங்க இந்த மாத்திரை சாப்பிடறதை டாக்டர்கிட்ட சொல்லணுமாம்! எப்பவோ சாப்பிட்டு விட்டிருந்தாக்கூடச் சொல்லணுமாம்! கண்ணுக்குள்ள தசை தொளதொளன்னு ஆயிடுமாம்! முன்னாடியே தெரிஞ்சா அவங்க அதுக்குத் தக்கன பண்ணுவாங்களாம்!"

"எனக்கு ஆபரேஷன் ஆகி வருஷமாச்சுய்யா" என்றாள் எதிர் வீட்டு அம்மாள்.

"பொதுவா சொல்றேன்!"

அதற்குப் பிறகு ஸ்டோரை விற்றுவிட்டார்கள். அப்பார்ட்மெண்ட் கட்டப் போகிறோம், காலி பண்ணுங்கள் என்றார்கள். நாங்கள் பக்கத்துத் தெருவில் வீடு பார்த்தோம். கண்டக்டர் அண்ணன் குடும்பம் ஓசூரில் மகன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. சாமான் எல்லாம் மினி லாரியில் ஏறியது. அவர் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எல்லோரும் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அப்போது எங்கள் வீட்டுக்காரரும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். எனக்கு ஆச்சரியம். நேரே அவரிடம் போய் நின்று, ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்ணே."

லாரிக்காரர் எஞ்சினைப் போட்டுவிட்டார். கண்டக்டர் அண்ணன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்னங்க? சத்தமா சொல்லுங்க!" என்றார்.

இவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம்; எனக்கு மட்டும் எங்கே வாய் இருந்தது? கண்டக்டர் அண்ணன் இவர் தோளில் தட்டிவிட்டு, லாரியில் ஏறிக்கொண்டு, லாரியின் பக்கத்தை அடித்து, "ரைட்! போலாம்!" என்றார். அந்தக் குரலைத்தான் கடைசியாகக் கேட்டோம். போன வருஷம் அவர் தவறிவிட்டதாக உறையூர்ப் பெண் போனில் சொன்னாள். எங்கள் வீட்டுக்காரர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

இந்த வருஷம் இவருக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய கூடம், வரிசையாக நாற்காலி, கூட்டம் சொல்லி முடியாது. நர்ஸ் பெண் ஒருத்தி, எங்கள் பேத்தி வயது இருக்கும், ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள்.

"தாத்தா, என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"பிரஷருக்கு" என்றார் இவர்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லைம்மா."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அந்தச் சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குக் கூச்சம். அவள் எழுதிவிட்டு அடுத்தவரிடம் போக எழுந்தாள். எனக்குக் காதுக்குள் "பொதுவா சொல்றேன்" என்று கேட்டது. "இல்லைம்மா, இன்னொண்ணு" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அவள் நகர்ந்துவிட்டாள். ஆபரேஷன் நடக்கும்போது கண் என்ன ஆகுமோ என்று நினைத்தேன். எழுந்து நின்றுவிட்டேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு ப்ராஸ்டேட்டு வீக்கம்! அதுக்கு மாத்திரை சாப்பிடறாங்க! வருஷக்கணக்கா சாப்பிடறாங்க! எழுதிக்கம்மா!"

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரி கடைசி வரிசைவரைக்கும் கேட்டிருக்கும். நர்ஸ் பெண் ஓடி வந்தாள். "மெதுவா, மெதுவா பாட்டி. நல்ல வேளை சொன்னீங்க. மாத்திரைச் சீட்டு இருக்கா?" என்றாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். டாக்டரும் பார்த்துவிட்டு, முன்பே தெரிந்தால் அதற்குத் தகுந்த மருந்தும் சாமானும் வைத்துக்கொண்டு செய்வோம், பயப்பட ஒன்றுமில்லை, நீங்களாக அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்றார். எங்கள் நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஒரு பெரியவர் மெதுவாக எழுந்து அந்த நர்ஸ் பெண்ணைத் தேடிப் போனார். அவள் காதோரம் என்ன சொன்னாரோ, அவளும் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் பேசவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காவேரியைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் அண்ணனோடு நிறுத்தின பேச்சை லாரி கிளம்புகிறவரைக்கும் ஆரம்பிக்காத மனிதர். என்னோடும் அப்படித்தானா? இந்த வயதில் வீட்டுக்குள்ளே இரண்டு பேர். அதில் ஒருவர் பேசாவிட்டால் நான் யாரோடு பேசுவது? ஒரு பக்கம், பேசாவிட்டால் போகிறார், கண் பிழைத்ததே என்றும் இருந்தது.

எங்கள் ஸ்டாப் வந்தது. பஸ் வேகம் குறைவதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நானும் எழப்போனேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார்.

"வண்டி நிக்கட்டும்!" என்றார்.

எனக்கு மட்டும் சொல்லவில்லை. ஃபுட்போர்டுவரைக்கும் கேட்டது. இறங்கப் போன ஒரு பையன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "பெரியவரு சொல்றாருல்ல, நின்னப்புறம் எறங்குங்க" என்றார். எனக்கு இவரோடு கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. பஸ் நின்றது. இவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலை சுற்றவில்லை என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் எனக்குக் கை கொடுத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்று. இதை எழுதும்போது எதிரே உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, என்ன எழுதறே, என்ன எழுதறே என்று சத்தமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு விண்ணப்பம். மாத்திரை பற்றி நான் எழுதியதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டதும், ஆஸ்பத்திரியில் கேட்டதும்தான். எதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது, எதைக் கண் டாக்டரிடம் சொல்வது என்பதில் நான் மாற்றிப்போட்டிருக்கலாம். விஷயம் தெரிந்த டாக்டரோ நர்ஸோ யாராவது ஒரு தடவை படித்துத் திருத்திக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். கண்டக்டர் அண்ணனுக்குப் பேரன் பிறந்தது அவர் கண் ஆபரேஷனுக்கு முன்னாலா பின்னாலா என்பதை ஓசூரில் இருக்கிற அக்கா பார்த்துச் சொல்லட்டும். கண்டக்டர் அண்ணன் பேசினதாக நான் எழுதியிருப்பதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். அது எங்கள் இரண்டு பேருக்கும் தப்பில்லாமல் காதில் இருக்கிறது.